குதிரைக்குச் சொன்னது

எங்கள் வீட்டில் பேச்சு வாங்குகிறவர்கள் இரண்டு பேர். ஒருவன் நான். இன்னொன்று குதிரை. குதிரைக்கு ராஜா என்று பெயர். எனக்கும் ஒரு பெயர் உண்டு. பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று அப்பா அதை ஹெட்மாஸ்டரிடம் ஒரு தடவை சொன்னார். அதற்குப் பிறகு அதை அவர் எடுத்துப் புழங்கவில்லை. வீட்டில் நான் வெறும் 'டேய்'.

அப்பா ஸ்ரீரங்கத்துக்கும் திருச்சி ஜங்ஷனுக்கும் குதிரை வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். காவேரிக்கரை அம்மா மண்டபம் படித்துறைக்குப் போகிற சாலையை ஒட்டி, வண்டிக்காரர்கள் குடியிருந்த சந்தில் எங்கள் வீடு. காலையில் வண்டி பூட்டும்போது வாசலில் நின்றுகொண்டு அப்பா ஒரு பாட்டம் சொல்லி முடிப்பார்.

"நேராப் பாத்துப் போ. அங்க இங்க பராக்குப் பாக்காதே. எவனையும் போய் உரசாதே. கண்டதுல வாய வைக்காதே."

யாருக்குச் சொல்கிறார் என்று தெரியாது. குதிரை காதை ஆட்டும். நான் தலையை ஆட்டுவேன். இரண்டு பேருக்கும் சொன்னதாகக் கணக்கு வைத்துக்கொண்டு அவர் புறப்பட்டுவிடுவார்.

இதில் குதிரைக்கு ஒரு சௌகரியம் இருந்தது. கண்ணுக்கு இரண்டு பக்கமும் தோல் பட்டை கட்டியிருந்ததால் பராக்குப் பார்க்க அதற்கு வழியே இல்லை. சொல்பேச்சுக் கேட்கிற குதிரை என்று சந்து முழுக்கப் பெயர் வாங்கிவிட்டது. எனக்குப் பட்டை இல்லை. எல்லாம் தெரிந்தது.

அம்மாவின் பேச்சு வேறு ரகம். அப்பா காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை என்று வேளைக்குச் சொல்வார். அம்மா இடைவேளை விடுவதில்லை. கதவைத் திறந்தால் ஏன் திறந்தாய், மூடினால் ஏன் சத்தமாக மூடினாய், சும்மா உட்கார்ந்திருந்தால் ஏன் உம்மென்று இருக்கிறாய். சிரித்தால் தனி விசாரணை.

எல்லாவற்றிலும் கொடுமை படிப்பு விஷயம். இரண்டு பேருக்கும் எழுத்து தெரியாது. அதனால் நான் படிக்கிறேனா என்பதை அவர்கள் காதால்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. சத்தம் கேட்டால் படிப்பு; சத்தம் நின்றால் தூக்கம், இல்லாவிட்டால் திருட்டுத்தனம். மனசுக்குள் படிப்பது என்று ஒன்று உண்டு என்பதை என்னால் கடைசி வரை நிரூபிக்க முடியவில்லை. சரித்திரத்தையும் பூகோளத்தையும் கத்திவிடலாம். கணக்குப் போடும்போது என்ன செய்வது?

"வாய் அசையலியே, என்னடா பண்றே?" என்பாள் அம்மா அடுப்படியிலிருந்து.

"கணக்குப் போடறேம்மா."

"அதையும் வாய்விட்டுப் போடு."

அப்படியாக நான் பின்னங்களைக் கத்திக் கூட்டிய ஒரே மாணவனாக இருந்தேன். பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்கு அதில்தான் தூக்கம் வரும் என்று அதன் தாய் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என்னால் பொறுக்க முடியாதது ஆறு. வீட்டிலிருந்து ஐந்து நிமிஷ நடையில் காவேரி ஓடிக்கொண்டிருந்தது. வகுப்புப் பையன்கள் பள்ளிக்கூடம் விட்டதும் சட்டையைக் கழற்றிவிட்டுப் படித்துறையிலிருந்து குதிப்பார்கள். நான் மேல் படியில் அவர்களுடைய சட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். யாருடைய சட்டை எது என்று மோந்து பார்த்தே சொல்கிற அளவுக்குத் தேறிவிட்டேன். திருட்டுத்தனமாக இறங்கிவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா என் முழங்கையைப் பிடித்து நகத்தால் ஒரு கோடு கீறிப் பார்ப்பாள். ஆற்றில் ஊறின உடம்பாக இருந்தால் கோடு வெள்ளையாக விழும். எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்காமல் அம்மா தெரிந்துவைத்திருந்த விஞ்ஞானம் இது. சந்தில் மற்றப் பையன்களிடம் அது ஒரு தடவைகூடத் தவறியதில்லை.

நான் அப்போது இரண்டாவது பாரம் படித்துக்கொண்டிருந்தேன். இப்போது ஏழாம் வகுப்பு என்கிறார்கள். பள்ளிக்கூடம் திறந்த புதிதில் எங்கள் தமிழ் ஐயா ஒரு சுவர்ப் பத்திரிகை ஆரம்பித்தார். ஆளுக்கு ஒரு விஷயம் எழுத வேண்டும். நன்றாக இருப்பதை எழுதியவனே பெரிய தாளில் அழகாகப் படியெடுக்க, வகுப்புச் சுவரில் ஒட்டுவார்கள். பன்னிரண்டு பேர் காவேரியைப் பற்றி எழுதினார்கள். எனக்கும் காவேரியைப் பற்றித்தான் எழுத ஆசை. ஆனால் நான் அதில் கால் வைத்ததில்லை. அதனால் ஏன் கால் வைக்கவில்லை என்பதைப் பற்றி எழுதினேன். 'போகாதே' என்று தலைப்பு.

ஆற்றுப் பக்கம் போகாதே!
ஆலம் விழுதில் ஆடாதே!
சோற்றைச் சிந்தித் தின்னாதே!
சும்மா சும்மா சிரிக்காதே!

கொள்ளுத் தின்னும் நேரத்தில்
குதிரை திட்டு வாங்காது;
பிள்ளை நான்தான் தட்டின்முன்
பேச்சும் சேர்த்துத் தின்கின்றேன்!

அப்பா அம்மா இல்லாத
ஊருக் கெந்த ரயிலுண்டு?
தப்பா மல்நான் ஏறிடுவேன்,
தயவாய் டிக்கெட் கொடுப்பீரோ?

ஐயா படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு இன்னொரு தடவை படித்தார். நான் படியெடுத்துக் கொடுத்த தாளின் அடியில் சிவப்பு மையால் 'மிக நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஒரு மாதம் அது வகுப்புச் சுவரில் இருந்தது. மற்ற வகுப்புப் பையன்கள் வந்து படித்துவிட்டு, இது எங்க அப்பா, இல்லை, இது எங்க அம்மா என்று சண்டை போட்டார்கள். அந்த ஒரு மாதமும் நான் தரையில் நடக்கவில்லை.

மாதம் முடிந்ததும் ஐயா தாளைச் சுவரிலிருந்து எடுத்து என்னிடமே கொடுத்துவிட்டார். சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு வந்தேன். வழியில் எங்காவது போட்டிருக்க வேண்டும். எழுதியவனுக்கு மனசு வருமா?

அம்மா தினமும் என் பையைச் சோதனை போடுவாள். பம்பரம், மாங்காய், கோலி எல்லாம் அதில்தான் பிடிபடும். அன்று தாள் பிடிபட்டது. பிரித்துப் பார்த்தவள் முகம் மாறிவிட்டது.

"ஏங்க, இங்க வாங்க. செவப்பு மையில எழுதிக் குடுத்திருக்காங்க. இவன் என்னமோ பண்ணியிருக்கான்."

சிவப்பு மை என்றால் குற்றம் என்று அம்மாவுக்குத் தெரியும். போன வருஷம் கணக்குப் பரீட்சைத் தாள் அப்படித்தான் வந்தது. அப்பா குதிரைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவர் வாளியை வைத்துவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்தார். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எழுத்து இருக்கிற தாள் எதுவானாலும், கடலை மடித்த தாளானாலும், அவர் கண்ணில் ஒற்றாமல் தொடமாட்டார்.

"என்னடா பண்ணே?"

அடியிலிருந்து தப்பிக்க உண்மையைத்தான் சொன்னேன். "ஒண்ணும் பண்ணலப்பா. நான் எழுதின பாட்டு. ரொம்ப நல்லா இருக்குன்னு ஐயா எழுதியிருக்காரு."

"பாட்டா? நீயா?" அப்பா தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். தலைகீழாகத்தான். "எதப் பத்திடா?"

"அப்பா அம்மாவைப் பத்தி."

"நான் வரேனா?"

"வரீங்க."

"குதிரை?"

"அதுவும் வருது."

எதுவும் பொய் இல்லை. அதற்குப் பிறகு அம்மா, "படிடா, கேப்போம்" என்றாள். அங்கேதான் வினை பிடித்தது.

தாளைக் கையில் வாங்கினேன்.  கண் 'ஆற்றுப் பக்கம் போகாதே'யில் இருந்தது. வாய் வேறு எதையோ தேடியது. "அப்பா என்னும் ஆலமரம், அம்மா என்னும் பூங்காவனம்" என்று ஆரம்பித்து, வாயில் வந்ததையெல்லாம் ராகம் போட்டு இழுத்தேன். குதிரையை நடுவில் எங்கேயோ 'தங்கத் தேர்' ஆக்கினேன். அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அப்பா ராஜாவின் கழுத்தைத் தட்டிக்கொடுத்தார். பிழைத்தேன் என்று நினைத்தேன்.

மறுநாள் பக்கத்து வீட்டு வண்டிக்காரரையும் அவர் மனைவியையும் கூப்பிட்டு உட்காரவைத்து, "படிடா" என்றார் அப்பா. முதல் நாள் என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. "அப்பா என்னும் கோபுரம், அம்மா என்னும் குளத்தங்கரை" என்றேன்.

"இருடா," என்றாள் அம்மா. "நேத்துப் பூங்காவனம்னே. ஒரு நாள்ல குளத்தங்கரையாயிட்டேனா?"

"அது ரெண்டாவது அடிம்மா. மொத அடி நேத்தே முடிஞ்சிருச்சு."

"பாட்டுன்னா அப்படித்தான். தெனம் ஒரு அடியாப் போகும்," என்று பக்கத்து வீட்டுக்காரர் எனக்காகப் பேசினார். அவருக்கும் எழுத்து தெரியாது. அப்பா மட்டும் என்னையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார்.

அதற்கு மேல் அப்பா என்னைப் படிக்கச் சொல்லவில்லை. அவர் செய்தது அதைவிட மோசம். மைதாப் பசை காய்ச்சி, அந்தத் தாளைக் குதிரை வண்டியின் கூண்டுக்குள் ஒட்டிவிட்டார்.

எல்லா வண்டியிலும் கூண்டின் உட்பக்கம் ஏதாவது ஒட்டியிருக்கும். காலண்டர் லட்சுமி, கொழுகொழுவென்று ஒரு குழந்தை, சின்னக் கண்ணாடி. சவாரி போகிறவர்கள் பார்த்துக்கொண்டு வருவதற்கு. எங்கள் வண்டியில் இருந்த குழந்தையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் என்னை ஒட்டினார். வைக்கோல் மெத்தையில் உட்கார்கிறவர் கண்ணுக்கு நேராக. ஜங்ஷனிலிருந்து ஸ்ரீரங்கம் வந்து சேர்வதற்குள் அதை ஐம்பது தடவை படிக்கலாம். படிக்காமல் இருக்கத்தான் முடியாது.

அன்று சாயங்காலம் அப்பா டீ குடிக்கப் போயிருந்த சமயம் பார்த்து, ஒரு சொம்புத் தண்ணீரோடு வண்டிக்குள் ஏறினேன். நனைத்து உரித்துவிடுவது என்று திட்டம். ஊற்றின தண்ணீர் முத்து முத்தாக உருண்டு என் மடியில் விழுந்தது. தாளுக்கு மேலே வார்னிஷ் அடித்திருந்தார். எழுத்து முன்னைவிடப் பளிச்சென்று தெரிந்தது.

"வண்டிக்குள்ள என்னடா பண்றே? வைக்கோல நனைக்காதே," என்றாள் அம்மா.

அப்புறம் ஒவ்வொரு சாயங்காலமும் எனக்குக் காவல் வேலை. யாராவது படித்து அப்பாவிடம் அர்த்தம் சொல்லியிருந்தால், வண்டி சந்துக்குள் திரும்பும்போதே சாட்டையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்று வாசலில் நிற்பேன். அப்பா சந்தோஷமாகவே வந்தார்.

"இன்னிக்கு ஒரு வக்கீல் குமாஸ்தா ஏறினாரு. பாட்டப் படிச்சிட்டுக் குலுங்கக் குலுங்கச் சிரிச்சாரு. வண்டியே ஆடுது. என்னங்கன்னேன். பிரமாதம்ப்பான்னாரு."

இன்னொரு நாள்: "ஒரு அம்மா படிச்சிட்டு, எங்க வீட்டுலயும் இதே பாட்டுத்தான்னாங்க. அப்ப எல்லா வீட்டுலயும் இதத்தான் பாடறாங்களாடா?"

"இருக்கும்ப்பா."

வேறொருவர் இறங்கும்போது, பையனைக் கொஞ்சம் கவனியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாராம். அன்று எனக்கு ஒரு டம்ளர் பால் அதிகப்படியாகக் கிடைத்தது. குடித்துக்கொண்டே யோசித்தேன். படித்தவர்கள் இவ்வளவு பேர் இருக்கிறார்கள். ஒருவருக்கும் உள்ளதை உள்ளபடி சொல்ல மனசு வரவில்லை. நல்ல காலம். ஆனால் எத்தனை நாளைக்கு?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா காந்தி மார்க்கெட்டில் கொள்ளு வாங்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மூட்டையைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். திரும்பும்போது ஜங்ஷனில் ஒரு குடும்பம் ஏறியது. மதராஸிலிருந்து வந்த ரயிலில் இறங்கியவர்கள். சித்திரை வீதியில் வீடு. அகலக் கரை வேட்டியும் நெற்றியில் திருமண்ணுமாக ஒருவர், அவர் மனைவி, என் வயதில் ஒரு பையன். நான் முன்னால் அப்பா பக்கத்தில் கொள்ளு மூட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். என் முதுகுக்குப் பின்னால் அந்தப் பையன். அவனுக்கு நேராக என் பாட்டு.

பெரியவர்கள் என்றால் மனசுக்குள் படிப்பார்கள். சத்திரம் தாண்டும் வரை பின்னால் பேச்சு மூச்சில்லை. காவேரிப் பாலத்தில் வண்டி ஏறியதும் அந்தப் பையன் ஆரம்பித்தான். வாய்விட்டு. கணீரென்ற குரல். ஒரு எழுத்து விழுங்காமல் படிக்கக் கற்றுக்கொடுத்திருந்தார்கள்.

"ஆற்றுப் பக்கம் போகாதே. ஆலம் விழுதில் ஆடாதே."

 பாலத்திலிருந்து குதித்துவிடலாமா என்று பார்த்தேன். நீச்சல் தெரியாது. அதற்கும் இவர்கள்தான் காரணம்.

"சோற்றைச் சிந்தித் தின்னாதே."

"வண்டியில படிக்காதேடா, கண்ணு வலிக்கும்," என்றாள் அந்த அம்மாள். அவளும் படித்துவிட்டாள் என்று குரலிலேயே தெரிந்தது.

"அம்மா, நீ சொல்றாப்பலயே எழுதியிருக்கும்மா. கேளேன். சும்மா சும்மா சிரிக்காதே!"

"பேசாம வாயேண்டா. தலைய வெளில நீட்டாதே."

"பாத்தியா, இன்னொண்ணு!"

அவனுடைய அப்பா இருமினார். இருமலால் என்ன ஆகும்? பையன் கொள்ளுத் தின்கிற குதிரையைப் படித்தான். தட்டின் முன்னால் பேச்சுத் தின்கிற பிள்ளையைப் படித்தான். அப்பா அம்மா இல்லாத ஊருக்கு ரயில் கேட்டு, தயவாய் டிக்கெட் கொடுப்பீரோ என்று நிறுத்தி, "இந்த ஊர் எங்கப்பா இருக்கு?" என்று தன் அப்பாவைக் கேட்டான்.

பாலம் முடிய இன்னும் பாதி இருந்தது. அவ்வளவு நீளமான பாலத்தை அதற்கு முன்னும் நான் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. அப்பா திரும்பவில்லை. லகான் அவர் கையில் இருந்தது. அவர் 'ஹை' சொல்லாமலே குதிரைகூட நடந்துகொண்டிருந்தது. நான் அப்பாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எப்போது கிளம்பும் என்று.

பின்னால் உட்கார்ந்திருந்தவருக்குத்தான் பொறுக்கவில்லை. "சின்னப் பசங்கள் எழுதறது," என்றார். "விளையாட்டுக்கு எழுதறதுதான். மனசுல வச்சுக்கப்படாது."

"ஆமாங்க," என்றார் அப்பா.

கொஞ்ச தூரம் போனது.

"எழுத்து திருத்தமா இருக்குங்களா, சாமி?"

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. "எழுத்தா? முத்து முத்தா இருக்கு. ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது."

"அப்ப சரிங்க," என்றார் அப்பா. லகானைச் சுண்டி, மாம்பழச் சாலையில் வண்டியைத் திருப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் காரியம் இரண்டாவது டிராயரை மேலே மாட்டிக்கொண்டது. பிறகு சுவர் ஓரமாக, எந்தப் பக்கம் வேண்டுமானாலும் ஓடுவதற்கு வசதியாக நின்றேன். அப்பா குதிரையை அவிழ்த்தார். தண்ணீர் காட்டினார். கல்லுரலில் மாவு ஆட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் போய்க் குந்தி உட்கார்ந்து என்னவோ சொன்னார். சொல்லச் சொல்லக் குழவி மெதுவாகச் சுற்றியது. பிறகு நின்றுவிட்டது. அம்மா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். அம்மா வாயைத் திறந்து ஒன்றும் சொல்லாமல் மூடியதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அடி விழுந்திருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

அடி விழவில்லை. அன்றும் இல்லை, மறுநாளும் இல்லை. மூன்று நாள் இரண்டு டிராயரோடு பள்ளிக்கூடம் போனேன். நாலாவது நாள்தான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. வீட்டில் யாரும் என்னை எதுவும் சொல்வதே இல்லை.

காலையில் அப்பா வண்டி பூட்டினார். நான் பையோடு நின்றேன். அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. குதிரையின் கழுத்துக்கு நேராகக் குனிந்து சொன்னார்:

"ராஜா, ரோட்டைத் தாண்டறப்ப ரெண்டு பக்கமும் பாத்துத் தாண்டு. இப்பல்லாம் பஸ்சு கண்ணு மண்ணு தெரியாம வருது."

குதிரை காதை ஆட்டியது. நான் ஆட்டுவதற்கு ஒன்றுமில்லை. விட்டது சனியன் என்று நடையைக் கட்டினேன்.

அம்மாவும் அப்படித்தான் ஆகிவிட்டாள். சாதம் போட்டுவிட்டு என்னிடம் ஒன்றும் சொல்லாமல் கொல்லைப்புறம் பார்த்து, "ராஜா, மோர் ஊத்திச் சாப்புடாம எந்திரிக்காதே. வெயில் சூடு," என்பாள். குதிரை மோர் குடித்து நான் பார்த்ததில்லை. எனக்கு மோர் பிடிக்கும் என்பதால் நான் ஊற்றிக்கொண்டேன். சனிக்கிழமையானால், "ராஜா, தலைக்கு எண்ணெ தேச்சுக்காம வெளிய கிளம்பாதே." மாதப் பரீட்சை அன்று காலையில் அப்பா குதிரைக்கு வாய்க்கயிறு மாட்டிக்கொண்டே, "ராஜா, பேனாவுக்கு மை ஊத்திக்கிட்டியா?" என்று கேட்டார். நல்ல வேளை, எனக்கும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஓடிப்போய் ஊற்றிக்கொண்டேன்.

பாட்டு ஜெயித்துவிட்டது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஒரு கவிதையால் என்ன ஆகும் என்று கேட்கிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒரு சாட்சி இருந்தது. ஒரே ஒரு வருத்தம். நான் தப்பித்ததற்காக அந்த வாயில்லா ஜீவன் மாட்டிக்கொண்டது. அதன் பங்கு போதாதென்று என் பங்கும் சேர்ந்துவிட்டது. யாரும் பார்க்காதபோது கொஞ்சம் வெல்லம் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

ஆடிப் பதினெட்டு வந்தது. காவேரி இரண்டு கரையும் தொட்டு ஓடியது. காலையிலேயே ஊர் முழுக்கச் சித்திரான்ன மூட்டையோடு படித்துறையில் இறங்கிவிட்டது. வண்டிக்காரர்களுக்கு வருஷத்தில் அதைப் போல ஒரு நாள் கிடையாது. ஜங்ஷனுக்கும் படித்துறைக்கும் நடையாக நடந்தாலும் ஜனம் குறையாது.

நான் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, இதுவரை வாழ்க்கையில் சொல்லாத வார்த்தையைச் சொன்னேன்.

"ஆத்துக்குப் போயிட்டு வரேன்."

அம்மா அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. அப்பாவைப் பார்த்தாள். அப்பா குதிரையைப் பார்த்தார். வழக்கத்தைவிட மெதுவாகச் சொன்னார்:

"ராஜா. மூணாவது படிக்குக் கீழ எறங்காதே. பாசி வழுக்கும். பெரியவங்க யாராச்சும் பக்கத்துல நிக்கறப்பதான் முங்கணும். என்ன?"

குதிரை ஒன்றும் சொல்லவில்லை. நான் "சரி" என்றேன். குதிரைக்காக யாராவது சொல்ல வேண்டுமே.

அன்று நான் காவேரியில் இறங்கினேன். முதல் படியில் கணுக்கால், இரண்டாவது படியில் முழங்கால், மூன்றாவது படியில் இடுப்பு. அடியில் மணல் உருண்டு போவது விரலிடுக்கில் தெரிந்தது. என் சிநேகிதர்கள் நடு ஆற்றுக்குப் போய்விட்டு வந்தார்கள். என்னைக் கூப்பிட்டார்கள். எனக்கு என்னவோ மூன்றாவது படியே போதும் போலிருந்தது. ஒரு ஆளுக்கு அது தாராளமான படி. அன்றைக்கு அவர்களுடைய சட்டைகளை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது.

முங்கி எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், படித்துறைக்கு நேர் மேலே எங்கள் வண்டி நின்றது. கூண்டு நிழலில் அப்பா உட்கார்ந்திருந்தார். சரி, யாரையோ கொண்டுவந்து இறக்கியிருக்கிறார் என்று நினைத்தேன். இன்னொரு தடவை முங்கி எழுந்தேன். அங்கேயே இருந்தார். மத்தியானம் ஆயிற்று. மற்ற வண்டிகளெல்லாம் ஆள் நிறைத்துக்கொண்டு போவதும் வருவதுமாக இருந்தன. எங்கள் வண்டி மட்டும் போட்டது போட்டபடி நின்றது. மூட்டை முடிச்சோடு ஒரு குடும்பம் அப்பாவிடம் வந்து என்னவோ கேட்டது. அவர் பாலத்துப் பக்கம் கையைக் காட்டினார். அவர்கள் வேறு வண்டியில் ஏறிக்கொண்டார்கள். எனக்கு ஒரே வெட்கமாகிவிட்டது. என் சிநேகிதர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இவ்வளவு பெரிய ஸ்ரீரங்கத்தில் சவாரி கிடைக்காமல் நிற்க இவருக்கு இந்த இடம்தானா அகப்பட்டது?

வெயில் தாழ்ந்து நான் மேலே ஏறி வந்தபோது வண்டிக்குள் அம்மாவும் இருந்தாள். எப்போது வந்தாள், எதற்கு வந்தாள் என்று தெரியவில்லை. மடியில் என்னுடைய மாற்றுச் சட்டையும் துண்டும் வைத்திருந்தாள். நான் ஏறி உட்கார்ந்ததும் பழக்கத்தில் என் முழங்கையைப் பிடித்தாள். நகம் தோலில் பட்டது. அப்புறம் கையை விட்டுவிட்டு, துண்டை எடுத்து என் தலையைத் துவட்டினாள். வேண்டியதற்கு மேலேயே அழுத்தித் துவட்டினாள், காது எரிந்தது.

"ஏம்ப்பா, இன்னிக்குப் போயி ஒரு சவாரி கூடக் கெடைக்கலியா?" என்று கேட்டேன்.

"குதிரைக்கு ஒடம்பு அசதியா இருந்துது," என்றார் அப்பா.

லகானைத் தொட்டதும் ராஜா பறந்தது. நாள் முழுக்க நிழலில் நின்று புல் தின்ற குதிரை. எதிரில் வந்த வண்டிகளை எல்லாம் தாண்டிக்கொண்டு எங்கள் சந்துப் பக்கமாக ஓடியது. பாவம், அசதியோடும் எப்படி ஓடுகிறது பார் என்று நினைத்துக்கொண்டேன். கண் எதிரே வார்னிஷ் மினுமினுப்பில் என் பாட்டு ஆடிக்கொண்டே வந்தது. இந்த இரண்டு பேரிடமும் அகப்பட்டுக்கொண்டு அந்தக் குதிரை படுகிற பாட்டைப் பற்றி அடுத்த சுவர்ப் பத்திரிகைக்குக் கட்டாயம் எழுத வேண்டும் என்று தீர்மானித்தேன். வீடு வந்து சேர்வதற்குள் முதல் இரண்டு அடி கிடைத்துவிட்டது.